மாலை வகுப்புக்கு வராத பிள்ளைகள்

சூன் திங்களில் பள்ளிகள் திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், நம் ஊர்களில் கோயில் மண்டபத்துச் சுவரிலும் சமுதாயக் கூடத்துக் கதவிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுவதைக் காண்கிறோம். மாலை நேர இலவச வகுப்புகள் நடைபெறும். ஒன்று முதல் எட்டு வரை பயிலும் மாணவ மாணவியர் சேரலாம். பெற்றோர் தவறாது அனுப்பி வைக்க வேண்டுகிறோம் என்பது அதன் வாசகம். வகுப்பை நடத்துபவர் பெரும்பாலும் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளம்பெண். அல்லது ஓய்வு பெற்ற ஆசிரியர். அல்லது ஆர்வம் மிகுந்த இளைஞர் குழு. ஏப்ரலில் ஆண்டு விழா வரும். பிள்ளைகள் ஆடுவார்கள், பாடுவார்கள். எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகப் பெற்று மகிழ்வார்கள். பின்னர் அச்சாகும் ஆண்டறிக்கையில், இத்தனை மையங்களில் இத்தனை பிள்ளைகள் பயன் பெற்றனர் என்று ஒரு வரி இடம்பெறும்.

'பயன் பெற்றனர்' என்னும் சொல்லை நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். வந்தனர் என்று எழுதினால் அதற்குச் சான்று உண்டு. வருகைப் பதிவேடு இருக்கிறது. உட்கார்ந்தனர், சுண்டல் உண்டனர், பாட்டுப் பாடினர் என்று எழுதினாலும் சான்று உண்டு; புகைப்படம் இருக்கிறது. பயன் பெற்றனர் என்பதற்கு மட்டும் பதிவேடும் இல்லை, படமும் இல்லை. கேட்டால், நல்ல மனத்தோடு செய்கிற காரியத்தில் இப்படியெல்லாம் துருவிக் கேட்கலாமா என்று முகம் சுளிப்போரே மிகுதி. துருவித்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதற்கான காரணம் பணம் அன்று, பிள்ளையின் பொழுது.

மாலை ஐந்தரை முதல் ஏழு வரை என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். ஆண்டுக்கு 180 மாலைகள் என்றாலும் 270 மணி நேரம். காலையில் மணியடித்தது முதல் மாலையில் மணியடிக்கும் வரை பள்ளிக்குச் சொந்தமான ஒரு சிறுவனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்தப் பொழுது ஒன்றே. அதில் அவன் பந்து விளையாடியிருப்பான். வேப்பமரத்தடியில் சும்மா இருந்திருப்பான். கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு தாய்க்குச் சற்று இளைப்பாறுதல் தந்திருப்பான். இலவச வகுப்பு என்று நாம் சுவரில் எழுதுகிறோம். பணம் வாங்கவில்லை என்பது மெய்தான். ஆனால் பிள்ளை தன் விளையாட்டைக் கொடுத்திருக்கிறது. தாய், குடம் தூக்க இருந்த இரு கைகளைக் கொடுத்திருக்கிறாள். வாங்கியதற்கு ஈடாக என்ன கொடுத்தோம் என்று அவர்கள் நம்மைக் கேட்பதில்லை. கேட்கத் தெரியாதவர்களிடம் வாங்கியதற்குத்தான் கணக்கு இன்னும் சரியாக இருக்க வேண்டும்.

நாங்கள் நால்வர். இருவர் தொடக்கப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியைகள். ஒருவர் வங்கிக் கணக்குகளோடு முப்பது ஆண்டு மல்லாடியவர். ஒருவர் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். தென்மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டியும் சற்று உள்ளே தள்ளியும் அமைந்த சில பங்குகளில் நடைபெறும் மாலை வகுப்புகளை ஆண்டுக்கு இருமுறை பார்த்து எழுதித் தருமாறு எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஊதியம் இல்லை, பேருந்துக் கட்டணமும் இரவு உணவும் உண்டு. (அந்த உணவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். மதிப்பிட வந்தவர்களுக்கு நெய்மீன் குழம்பு ஊற்றிவிட்டால் மதிப்பீடு தானாகச் சாய்ந்துவிடும் என்னும் நம்பிக்கை எல்லா ஊர்களிலும் நிலவுகிறது.)

எங்களிடம் இருப்பது ஒரு தாள். அதில் நான்கு படிகள். தனி எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறுகதை. 'பிரதம்' அமைப்பினர் 2005-ஆம் ஆண்டில் தொடங்கி நாடெங்கும் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் 'அசர்' ஆய்வின் முறை இது. பிள்ளையைத் தனியே அருகில் அமர்த்தி, முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். தடையின்றி வாசித்தால் கதைக்கு ஏற வேண்டும். தடுமாறினால் சொற்களுக்கு இறங்க வேண்டும். அதிலும் தடுமாறினால் எழுத்துகளுக்கு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே ஆகும். மதிப்பெண் இல்லை, தேர்ச்சி இல்லை, தோல்வி இல்லை. அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது மட்டும் தெரியும்.

தனியே அமர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது கூரை அதிரும். கேட்பவர் நெஞ்சு நிறையும். அந்த ஓசைக்குள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு ஒளிந்திருக்கும் பிள்ளைகளை எந்த ஆண்டு விழா மேடையும் வெளியே கொண்டுவராது. ஓர் ஊரில் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் பாடநூலின் முதல் பாடத்தை நீரோட்டமாக வாசித்துக் காட்டினான். அருகில் நின்ற அவன் தாய் எங்களைப் பெருமையோடு பார்த்தாள். எங்கள் தாளில் அதே பாடத்தின் சொற்கள் சில, வேறு வரிசையில் இருந்தன. 'கொக்கு' என்பதில் அவன் நின்றுவிட்டான். அடுத்த சொல்லிலும் நின்றான். அவன் வாசித்ததன்று, மனப்பாடமாகச் சொன்னது என்பது அந்தத் தாய்க்கும் விளங்கிவிட்டது. அவள் முகம் மாறியதைப் பார்த்து அவன், "வீட்ல நல்லா வாசிப்பேம்மா" என்றான்.

அதே ஊரில்தான் வகுப்பை நடத்தும் இளம்பெண் எங்கள்மேல் சினம் கொண்டாள். எங்களுள் மூத்தவரான ஆசிரியையைப் பார்த்து அவள் கேட்டாள்:

"டீச்சர், ஒரு வருசமா தொண்டத் தண்ணி வத்தக் கத்திருக்கேன். இப்ப வந்து பரீச்ச வைக்கீங்க. பிள்ளைகளுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லம்மா. இந்த வகுப்புக்கு."

"வகுப்புன்னா நாந்தானே டீச்சர்?"

அவள் கேட்டது சரியான கேள்வி. ஒரே ஒருத்தி தோளில் ஏற்றி வைக்கப்பட்ட பணியை அளக்கப் போனால் அளவுகோல் அவள் முதுகில்தான் விழும். ஒரு திண்ணை, ஒரு குழல்விளக்கு, முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். அவளுக்குப் பயிற்சி என்று எவரும் எதுவும் கொடுத்ததில்லை. கதைப்புத்தகம் ஒன்றுகூட இல்லை. பெற்றோர் அவளிடம் எதிர்பார்த்தது ஒன்றே: மறுநாள் பள்ளியில் அடி வாங்காதபடி, திட்டு வாங்காதபடி வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஆதலின் ஒன்றரை மணி நேரமும் வீட்டுப்பாடத்திலேயே கழிந்தது. வாசிக்கத் தெரிந்தவன் எழுதினான். தெரியாதவன் அவனைப் பார்த்து எழுதினான். இருவர் குறிப்பேடும் நிறைந்தது. வகுப்பு நன்றாக நடக்கிறது என்பதற்கு நிறைந்த குறிப்பேடே சாட்சியாயிற்று.

இது அவளுடைய குறை அன்று. ஆனால் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக அமர்த்தியிராவிட்டால் இதை அவளும் அறிந்திருக்க மாட்டாள், நாங்களும் அறிந்திருக்க மாட்டோம். அன்று எட்டு மணிக்கு நாங்கள் பேருந்துக்குப் புறப்பட்டபோது, "அந்தத் தாளு ஒண்ணு வச்சுட்டுப் போங்க டீச்சர்" என்றாள். சினம் தணிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

இனி, பிள்ளைகள் ஓராண்டில் ஒரு படி ஏறியிருக்கிறார்கள் என்று கண்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதை நம் வகுப்பின் வெற்றி என்று எழுதிவிடலாமா? பிள்ளை பள்ளிக்கும் போகிறது. வயதும் ஒன்று கூடுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லார் வயலும் விளையும். என் உரத்தால் விளைந்தது என்று ஒருவர் சொன்னால், உரம் இடாத பக்கத்து வயலை எட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்வோமா? மதிப்பீடு என்பதன் உயிர்நிலை இந்தப் பக்கத்து வயலில் இருக்கிறது. வகுப்பு இல்லாதிருந்தால் இந்தப் பிள்ளை எப்படி இருந்திருக்கும் என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை காண, வகுப்புக்கு வராத, மற்றபடி இவர்களைப் போன்றே இருக்கிற பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.

இவ்வாறு பார்க்கத் துணிந்தவர்களுக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு ஊர்களில், ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1939-இல் ஒரு பெரும்பணி தொடங்கியது. ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் சிறுவர்கள் தீய வழியில் போய்விடாமல் காப்பது அதன் நோக்கம். 506 சிறுவர்களை எடுத்துக்கொண்டார்கள். வயது, குடும்பச் சூழல், இயல்பு ஆகியவற்றால் ஒத்தவர்களை இருவர் இருவராக இணைத்து, நாணயத்தைச் சுண்டிப் போட்டு, ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள். மற்றவனை அவன் போக்கில் விட்டார்கள். சேர்க்கப்பட்ட 253 பேருக்கும் ஆலோசகர்கள் அமைந்தார்கள். சராசரியாக ஐந்தரை ஆண்டுக் காலம், மாதம் இருமுறை என்ற அளவில், அவர்கள் சிறுவர்களின் வீடுகளுக்குச் சென்றார்கள். படிப்பில் பின்தங்கியவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்; நோயுற்றவனை மருத்துவரிடம் அனுப்பினார்கள்; கோடையில் முகாம்களுக்கு அனுப்பி வைத்தார்கள். நாம் செய்ய விரும்பிப் பணமும் ஆளும் இல்லாமல் விட்டுவிடுகிற எல்லாவற்றையும் அவர்கள் செய்தார்கள் என்றே சொல்லலாம்.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்னும் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, அப்போது நடுவயதை எட்டியிருந்தவர்களை, தேடிக் கண்டுபிடித்தார். 1978-இல் அவர் வெளியிட்ட முடிவுகள் சமூகப்பணி உலகையே திடுக்கிடச் செய்தன. திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களுள் மூன்றில் இரு பங்கினர், அது தங்களுக்கு நன்மை செய்தது என்று கூறினார்கள். தங்கள் ஆலோசகர்களை அன்போடு நினைவுகூர்ந்தவர்களும் உண்டு. ஆனால் பதிவேடுகள் வேறு கதை கூறின. குற்றம் புரிந்தவர்களின் எண்ணிக்கையில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. மீண்டும் குற்றம் புரிந்தவர்கள் திட்டத்தில் சேர்ந்தவர்களிடையேதான் மிகுதி. குடிக்கு அடிமையானவர்கள், கடும் மனநோய்க்கு ஆளானவர்கள், இளவயதில் இறந்தவர்கள் என்று பார்த்தாலும் அவ்வாறே. உதவி பெற்றவன் உதவி பெறாதவனைவிடத் தாழ்ந்து போயிருந்தான்.

ஏன் இவ்வாறு ஆயிற்று என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. 1999-இல் மெக்கார்டும் வேறிருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை கோடை முகாம்களைச் சுட்டிக் காட்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே தீய விளைவு மிகுந்து காணப்பட்டது. வழிதவறும் இயல்புள்ள சிறுவர்களைப் பெரியவர்களின் கண்காணிப்புக் குறைந்த இடத்தில் ஒன்றுசேர்த்தால் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வது வேறு பாடம். நம் ஊர்களில் 'அடங்காத பையன்களை' எல்லாம் தேடிப் பிடித்து ஒரே குழுவாக்கி முகாம் நடத்த வேண்டும் என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் எழுந்து முன்மொழிவது வழக்கம். அந்த முன்மொழிவு வரும்போதெல்லாம் எங்களுக்குச் சாமர்வில் நினைவுக்கு வருகிறது.

எங்களை மிகவும் உறுத்துவது அந்த மூன்றில் இரு பங்கு. நன்மை பெற்றோம் என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே அவ்வாறு நம்பினார்கள். அன்பு காட்டியவரை நினைத்து நெகிழ்வது மனித இயல்பு. நம் ஆண்டறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் வெளியாகும் நன்றிக் கடிதங்களும் அவ்வாறு நெகிழ்ந்து எழுதப்பட்டவையே. அவற்றை மதிக்கிறோம். ஆனால் அவற்றை எண்ணிக் கூட்டிப் பயன் என்று பெயரிட இயலாது. அந்த இரு ஊர்களில் நாணயம் சுண்டப்படாதிருந்தால், அதாவது மற்றப் பாதிப் பிள்ளைகளின் பெயர்கள் எழுதி வைக்கப்படாதிருந்தால், அந்தத் திட்டம் இன்றும் பாராட்டுரைகளில் வாழ்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பல நூறு ஊர்களில் அதே முகாம்கள் நடந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தில் ஜௌன்பூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் 2005-2006-இல் பிரதம் அமைப்பினரும் பொருளியலறிஞர் சிலரும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். அவ்வறிஞர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-இல் நோபெல் பரிசு பெற்றவர்கள். சில ஊர்களில் கூட்டம் போட்டு, பள்ளியைக் கண்காணிக்க ஊர்மக்களுக்கு உள்ள உரிமைகளை எடுத்துரைத்தார்கள். சில ஊர்களில் பிள்ளைகள் வாசிக்கும் நிலையை ஊராரே அளந்து பார்க்கச் செய்தார்கள். இன்னும் சில ஊர்களில், இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்தச் செய்தார்கள். கூட்டங்களால் பள்ளிகளில் ஒரு மாற்றமும் நேரவில்லை. வாசிப்பு வகுப்புகளோ வியப்பூட்டின. தொடக்கத்தில் எழுத்தே தெரியாதிருந்து வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஆண்டு முடிவில் எழுத்துகளையேனும் வாசிக்கக் கற்றிருந்தார்கள். வகுப்பு இல்லாத ஊர்களில் அவர்களைப் போன்ற பிள்ளைகளுள் நூற்றுக்கு நாற்பது பேரே அந்நிலையை எட்டியிருந்தார்கள். சில நாள் பயிற்சி, ஊதியமில்லாத இளைஞர், இரண்டு மூன்று மாதம், இத்தனைக்கே இவ்வளவு.

ஆயினும் அந்த ஆய்வில் எங்கள் கண் சென்று நின்ற இடம் வேறு. அந்த ஊர்களில் இருந்த பிள்ளைகளுள் வகுப்புக்கு வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவே. வகுப்பு நன்று, வந்தவர்க்கு நன்று. வராதவர் பெரும்பாலோர். பதிவேட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொகை கண்ணில் படவே படாது, ஏனெனில் வராதவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இல்லை.

இதைப் படித்த பின்பு எங்கள் வழக்கத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். வகுப்பு நடக்கும் நேரத்தில் எங்களுள் இருவர் உள்ளே தாளோடு அமர்வார்கள். இருவர் தெருவில் நடப்பார்கள். கடற்கரை ஊரில் அவர்கள் கண்டது இது: விசைப்படகுகள் கரை சேர்கிற நேரமும் நம் வகுப்பு நேரமும் ஒன்றாக இருந்தன. கூடை தூக்கவும் மீன் பிரிக்கவும் பையன்கள் துறைமுகத்தில் நின்றார்கள். கையில் இருபதோ முப்பதோ ரூபாய் கிடைக்கும். குழம்புக்கு மீனும் கிடைக்கும். உள்ளே, வெளிச்சத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் கதையைத் தடையின்றி வாசித்தவர்கள். நான்காம் படியில் நின்றவர்கள். முதற்படியைத் தாண்டாதவர்கள் துறைமுகத்தில் இருந்தார்கள். வகுப்பை ஏற்படுத்தியதே அவர்களுக்காகத்தான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

உள்நாட்டு ஊரிலோ பீடி. கடைக்குக் கட்டு ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, திண்ணைதோறும் தாய்மார் சுளகை மடியில் வைத்து அமர்ந்திருப்பார்கள். பக்கத்தில் பெண்பிள்ளைகள் பீடியின் முனையை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாத தாய்மீது குற்றம் சாட்டுவது எளிது. "அனுப்புனா யாரு முடிச்சுக் குடுப்பா, நீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் வங்கியாளர் உடனே சுளகருகே அமர்ந்து நாலைந்து பீடிகளின் முனையை மடிக்க முயன்றார். அவற்றை அந்தத் தாய் தனியே எடுத்து வைத்தாள், கடையில் கழித்துவிடுவார்களாம்.

அளந்து வைத்திருந்ததால் விளைந்த நன்மைக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. பெருந்தொற்றினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2021 நவம்பரில் சிறு வகுப்புகளுக்குத் திறந்தபோது, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை அரசு தொடங்கியிருந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை வேளைகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அதனால் பயன் விளைந்ததா? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் இதற்கு விடை சொல்ல முடிந்தது. 2019-இலேயே நம் சிற்றூர்களில் பிள்ளைகளின் கற்றல் நிலை அளந்து வைக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அவர்கள் பார்த்தார்கள். 2021 திசம்பரில், 2019-இல் அதே வயதினராய் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் தமிழிலும் கணக்கிலும் பெரிதும் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இழப்பு இன்னும் கூடுதல். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் 24 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மாலை வகுப்பின் பயன் என்று கணித்தார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளே அவ்வகுப்புகளுக்கு மிகுதியாக வந்தார்கள் என்பதையும் கண்டார்கள். தன் தெருவில் பாயை விரித்து அமர்ந்த ஒரு பெண்ணின் உழைப்புக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எது? மாலையும் பொன்னாடையும் இதைச் சொல்லியிருக்கமாட்டா.

மதிப்பீட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அமெரிக்க அரசு பள்ளி நேரத்துக்குப் பின் நடத்திவந்த '21-ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்' என்னும் திட்டத்தைப் பற்றிய முதல் ஆய்வறிக்கை 2003-இல் வெளியாயிற்று. படிப்பில் அதனால் விளைந்த முன்னேற்றம் மிகக் குறைவு என்றது அறிக்கை. மை உலரும் முன்பே, அத்திட்டத்துக்கான நிதியை 100 கோடி டாலரிலிருந்து 60 கோடியாகக் குறைக்க அரசு முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதற்கு இணங்கவில்லை. வகுப்பு எதனால் பயன்படவில்லை, பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் வந்தார்கள், வந்த நேரத்தில் என்ன நடந்தது என்றெல்லாம் கேட்டுத் திருத்துவதற்கு முன் கோடரியைத் தூக்கும் ஆசை அதிகாரத்தில் இருப்போர்க்கு எங்கும் உண்டு. எங்கள் பகுதியிலும், உதவித்தொகை வழங்கிவந்த நிறுவனம் ஒன்று எங்கள் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, முதற்படிப் பிள்ளைகள் மிகுதியாக இருந்த மையத்துக்கு மறு ஆண்டு தொகையை நிறுத்தியது. நல்ல பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்ட மையத்துக்கு அதைக் கூட்டியது. நோயாளிகள் மிகுந்த மருத்துவமனையை மூடி, நலமானவர்கள் வந்துபோகும் மருத்துவமனைக்குக் கட்டடம் கட்டுவது போன்ற காரியம் அது. அன்று முதல் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டும் தனியே எவருக்கும் தருவதில்லை. எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு நகர்ந்தது என்பதையும், நகராதிருந்தால் ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

தாளில் அடங்காதவையும் உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவைச் சோதிக்க வந்தவர்களின் படிவத்தில் மிதிவண்டி என்னும் சொல்லுக்கு இடமே இருந்திருக்காது. ஆனால் அந்நாள் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். பேருந்துக்குக் காத்திராமல், கூட்டிப் போக ஆண் துணையை எதிர்பாராமல், வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள். பட்டியலோடு போகிறவன் பட்டியலில் உள்ளதையே காண்பான். எங்கள் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் படிகளை எழுதுகிறோம். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு, கண்ணில் பட்டதை எழுதுகிறோம். குடித்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சி ஏழு மணிக்குப் பின்னும் திண்ணையை விட்டுப் போகாத சிறுமியைப் பற்றிய குறிப்பு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு அந்த வகுப்பு எழுத்துக்கூடமா புகலிடமா என்பதை எங்கள் தாள் சொல்லாது. புகலிடம் என்றால் அது நல்ல புகலிடமா, ஏழு மணிக்குப் பின் அவளோடு இருக்க ஆள் உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் மதிப்பீடுதான்.

பீடி ஊரின் பங்குப் பேரவையில் சென்ற ஆண்டு இக்குறிப்புகளை வைத்து நெடுநேரம் பேசினார்கள். வகுப்பையே நிறுத்திவிடலாம், பயனில்லை என்று இவர்களே எழுதிவிட்டார்களே என்றார் ஒருவர். அப்படி எழுதவில்லை, வீட்டுப்பாடத்தால் பயனில்லை என்றே எழுதியிருக்கிறோம் என்று வரியைக் காட்டினோம். எங்கள்மேல் சினம் கொண்ட அந்தப் பெண் அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேச அழைத்தபோது, வகுப்புவாரியாகப் பிரிப்பதை விட்டுவிட்டுப் படிவாரியாகப் பிரித்து உட்கார வைத்தால், எட்டாம் வகுப்பானும் மூன்றாம் வகுப்பாளும் ஒரே வட்டத்தில் அமர வேண்டி வரும், பெரிய பையன்களுக்கு வெட்கமாக இருக்கும், அதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். வகுப்பை நடத்தியவள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. பெரிய பையன்களை வேறு நாளில் தனியே வரச் சொல்வது என்று முடிவாயிற்று. முதல் நாற்பது நிமிடம் வாசிப்பு, வீட்டுப்பாடம் அதன் பின்பு. பீடிக் கட்டு ஒப்படைத்த மறுநாள் மாலையில், திண்ணைக்கு வர இயலாத பெண்பிள்ளைகளுக்கு, ஒரு தாயின் வீட்டு முற்றத்திலேயே வகுப்பு. முனை மடிக்கும் வேலை அந்நாளில் இருக்காது.

நவம்பரில் போய்ப் பார்த்தோம். படிகளில் பெரிய மாற்றம் என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. பிப்ரவரியில்தான் மீண்டும் அமர்த்திப் பார்ப்பதாக இருக்கிறோம். பக்கத்து ஊரில் வகுப்பில்லாத பிள்ளைகளையும் அவ்வாறே பார்க்க அங்குள்ள தலைமையாசிரியரிடம் இசைவு பெற்றிருக்கிறோம். அவள் தன் வருகைப் பதிவேட்டைக் காட்டினாள். முன்பக்கங்கள் வழக்கம் போல் இருந்தன. பின்பக்கத்திலிருந்து திருப்பினால், அவள் கையெழுத்தில், வகுப்புக்கு வராத பதினேழு பிள்ளைகளின் பெயர்கள். பெயருக்கு எதிரே தெரு, என்ன வேலை செய்கிறது, எந்த நேரம் ஒழியும் என்னும் விவரம். ஆறு பெயர்களுக்கு எதிரே பச்சை மையில் நாள் குறிக்கப்பட்டிருந்தது. அவை அப்பிள்ளைகள் முற்றத்து வகுப்புக்கு முதன்முதல் வந்த நாட்கள்.